விருதுநகரில் 1,285 வாக்குகள்: 1967-ல் காங்கிரஸ் தோற்றது எப்படி?

1967 பிப்ரவரியில் விருதுநகர் சட்டமன்றத் தொகுதியில் வாக்குகளை எண்ணி முடித்தபோது, தி.மு.க. வேட்பாளர் பெ. சீனிவாசனுக்கு 33,421 வாக்குகளும் காமராசருக்கு 32,136 வாக்குகளும் கிடைத்திருந்தன. வித்தியாசம் 1,285. ஒருவர் ஒன்பதரை ஆண்டுகள் முதலமைச்சராக இருந்தவர். நேருவுக்குப் பிறகும் சாஸ்திரிக்குப் பிறகும் யார் பிரதமர் என்பதை முடிவு செய்ததில் முன்னின்றவர். அந்த ஊரிலேயே பிறந்தவர். மற்றவர் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் முன்னுக்கு வந்த மாணவர் தலைவர்.

அன்றிலிருந்து ஒரு பழிச்சொல் நம்மோடு சேர்ந்தே வருகிறது. “காமராசரையே தோற்கடித்த மக்கள்.” பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்து, மதிய உணவு போட்டு, அணை கட்டிய மனிதரை நன்றி மறந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பது அதன் பொருள். மேடைகளில் கண்ணீரோடு சொல்வார்கள், திண்ணைகளில் பெருமூச்சோடு சொல்வார்கள். எனக்கு இந்தப் பேச்சில் நெடுநாளாகவே உடன்பாடு இல்லை. காமராசர் மீது மதிப்பு இல்லாததால் அல்ல; அவருக்கு வாக்களித்தவர்கள் மீதும் அளிக்காதவர்கள் மீதும் ஒருசேர மதிப்பு இருப்பதால். எண்களை எடுத்து அடுக்கிப் பார்த்தால் இந்தப் பழி நிற்கவில்லை. ஒரு கட்சிக்கு ஆதரவு எப்படி உண்டாகிறது, எப்படித் தங்குகிறது, எப்போது இடங்களாக மாறுகிறது, எப்போது மாறாமல் போகிறது என்பதைப் படிக்க 1967-ஐ விடத் தெளிவான நிகழ்வு தமிழ்நாட்டு வரலாற்றில் இல்லை என்று நினைக்கிறேன். அதனால்தான் இந்த ஆய்வு.

நடந்தது என்ன

அப்போது மாநிலத்தின் பெயர் சென்னை மாநிலம். சட்டமன்றத்தில் 234 இடங்கள். தி.மு.க. 174 தொகுதிகளில் நின்று 137-ல் வென்றது. காங்கிரஸ் 232 தொகுதிகளில் நின்று 51-ல் மட்டுமே வென்றது. முதலமைச்சர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். அமைச்சர்களில் பெரும்பாலானோர் தோற்றனர். நாடாளுமன்றத்துக்குத் தி.மு.க. நிறுத்திய 25 பேரும் வென்றனர். காங்கிரசுக்கு மாநிலத்தின் 39 இடங்களில் கிடைத்தவை மூன்று. மார்ச் 6 அன்று அண்ணா முதலமைச்சராகப் பதவியேற்றார். அன்று போன ஆட்சி இன்றுவரை காங்கிரசுக்குத் திரும்பவில்லை.

இது வரை எல்லோருக்கும் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாத எண் ஒன்று இருக்கிறது. தோற்ற காங்கிரஸ் வாங்கியது 41.10 சதவீதம். வென்ற தி.மு.க. வாங்கியது 40.69 சதவீதம். மாநிலத்தில் மிக அதிகமான வாக்குகளைப் பெற்ற கட்சி அந்த ஆண்டும் காங்கிரஸ்தான்.

எண்களுக்குள்

முந்தைய தேர்தலான 1962-ல் காங்கிரஸ் 46.14 சதவீதம் வாங்கி, 206 இடங்களில் 139-ஐப் பிடித்திருந்தது. ஆக, ஐந்து சதவீதம் சரிந்திருக்கிறது. ஆனால் சதவீதம் பாதிக் கதையைத்தான் சொல்லும். தலைகளை எண்ண வேண்டும். 1962-ல் காங்கிரசுக்கு விழுந்தவை சுமார் 58 லட்சம் வாக்குகள். 1967-ல் சுமார் 63 லட்சம். நாலரை லட்சம் போலக் கூடியிருக்கிறது. நன்றி மறந்தார்கள் என்று யாரைச் சொல்கிறோம்?

தி.மு.க. 1962-ல் பெற்றவை சுமார் 34 லட்சம். 1967-ல் சுமார் 62 லட்சம். ஒரே பாய்ச்சலில் 28 லட்சம் கூடுதல். இந்த 28 லட்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், இரண்டு ஊற்றுகள் தெரிகின்றன. ஒன்று, வாக்குச்சாவடிக்கு வந்தவர்களின் எண்ணிக்கை. 1962-ல் 70.65 சதவீதமாக இருந்த வாக்குப்பதிவு 76.57 சதவீதமாக ஏறியது. பட்டியலில் இருந்த வாக்காளர்களும் பெருகியிருந்தனர். இரண்டும் சேர்ந்து செல்லத்தக்க வாக்குகளை 26 லட்சம் அளவுக்குக் கூட்டின. இன்னொன்று, இந்த இரு கட்சிகள் அல்லாத மற்றவர்களின் பங்கு. 1962-ல் அவர்களுக்குச் சுமார் 34 லட்சம் விழுந்திருந்தது. 1967-ல் அது 28 லட்சமாகச் சுருங்கியது. புதிதாகச் சேர்ந்த 26, மற்றவர்களிடமிருந்து நழுவிய 6, ஆக 32 லட்சம். அதில் காங்கிரசுக்குப் போனது ஏறத்தாழ நாலரை, மிச்சம் முழுவதும் உதயசூரியனுக்கு.

இந்தக் கணக்கை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. வாக்கு ரகசியமானது, மொத்த எண்ணைப் பார்த்துத் தனி மனிதரின் மனமாற்றத்தைப் படிக்க முடியாது. ஐந்தாண்டுகளில் பழைய வாக்காளர் சிலர் இறந்திருப்பார்கள், சிலர் அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் மாறியிருப்பார்கள். ஆனால் காங்கிரசின் அடித்தளமே இடிந்து விழுந்தது என்ற சித்திரத்துக்கு இந்த எண்களில் இடமே இல்லை. பழைய வீடு அப்படியே நின்றது. பக்கத்தில் அதைவிட உயரமாக இன்னொன்று எழும்பியது.

இன்னும் ஓர் அடி பின்னால் போகலாம். 1957-ல் காங்கிரஸ் பெற்றது 45.34 சதவீதம், கிடைத்த இடங்கள் 205-ல் 151. அதாவது காமராசர் ஆட்சி புகழின் உச்சியில் இருந்த காலத்திலும் வாக்களித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் காங்கிரசுக்கு வாக்களிக்கவில்லை. எதிர்ப்பு வாக்கு எப்போதும் பெரும்பான்மையாகவே இருந்தது. ஒரே பெட்டியில் விழவில்லை, அவ்வளவுதான். முன்னால் வருபவருக்கே தொகுதி என்ற நம் தேர்தல் முறையில், எதிரிகள் நான்காகப் பிரிந்து நின்றால் நாற்பத்தைந்து சதவீதம் அரியணை தரும். எதிரிகள் ஒன்றானால் அதே நாற்பத்தைந்து வெளியே நிறுத்தும். விருதுநகரில் இருவர் பெற்ற வாக்கை மட்டும் கூட்டிப் பார்த்தால் காமராசரின் பங்கு 49 சதவீதம். அந்த ஊர் அவரைக் கைவிட்டது என்று எப்படிச் சொல்வது?

கூட்டணி என்ற கருவி

எதிர்ப்பு வாக்கை ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்தது தொகுதி உடன்பாடு. அண்ணா அமைத்த அணியில் இராசாசியின் சுதந்திராக் கட்சி இருந்தது; மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்டு இருந்தது; காயிதே மில்லத்தின் முஸ்லிம் லீக், பிரஜா சோசலிஸ்டு, சம்யுக்த சோசலிஸ்டு ஆகியவை இருந்தன; ம.பொ.சி.யும் சி.பா. ஆதித்தனாரும் இருந்தார்கள். கொள்கையளவில் ஒருவரோடு ஒருவர் ஒரே பந்தியில் உட்கார முடியாதவர்கள். உடமையைக் காக்கப் பிறந்த கட்சியும் உடமையைப் பிரிக்கப் பிறந்த கட்சியும் ஒரே மேடையில் நின்றன. பெரியாரோ எதிர்ப்பக்கத்தில், காமராசருக்காகப் பிரசாரம் செய்துகொண்டிருந்தார்.

இந்த அணி என்ன செய்தது என்பதைச் சுதந்திராக் கட்சியின் கணக்கு காட்டுகிறது. 1962-ல் அது 7.82 சதவீத வாக்குகள் வாங்கி ஆறு இடங்களில் வென்றது. 1967-ல் 5.30 சதவீதம்தான் வாங்கியது. வென்ற இடங்கள் இருபது. வாக்கு குறைந்தது, இடம் மூன்று மடங்குக்கு மேல் கூடியது. வெல்லக்கூடிய 27 தொகுதிகளில் மட்டும் நின்றார்கள், மற்றவற்றை நண்பர்களுக்கு விட்டார்கள்.

இதைவிடச் சுத்தமான சோதனை கம்யூனிஸ்டுகளிடம் நடந்தது. 1964-ல் கட்சி இரண்டாகப் பிரிந்தது. அதே தொழிற்சங்கப் பாரம்பரியம், அதே சிறை அனுபவங்கள், அதே சிவப்புக் கொடி. மார்க்சிஸ்டுகள் அணிக்குள் வந்தார்கள், இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி வெளியே நின்றது. உள்ளே இருந்தவர்கள் 22 தொகுதிகளில் நின்று 11-ல் வென்றார்கள். வெளியே இருந்தவர்கள் 32-ல் நின்று 2-ல் வென்றார்கள். தொகுதிகள் ஏறத்தாழ ஒரே அளவு என்று வைத்துக் கணக்கிட்டால், மார்க்சிஸ்டுகளுக்கு நின்ற இடங்களில் நாற்பது சதவீதத்துக்கு மேலும், மற்றவர்களுக்குப் பதின்மூன்று சதவீதம் அளவிலும் விழுந்திருக்கிறது. மூன்றே ஆண்டுகளுக்கு முன்பு ஒரே கட்சியாக இருந்தவர்களுக்கு இடையே இந்த வித்தியாசம். தொண்டர்களின் உழைப்போ கொள்கையின் உறுதியோ இதை விளக்காது. யாருடைய தோளில் நின்றார்கள் என்பதே விளக்கும்.

ஆனால் இங்கே ஒரு கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. தலைவர்கள் கைகுலுக்கினால் வாக்காளர் கை தானாக மாறிவிடுமா? மாறாது என்பதற்கு நம் ஊரில் எத்தனையோ கூட்டணிகள் சாட்சி. மேடையில் இணைந்து வாக்குச்சாவடியில் பிரிந்தவை ஏராளம். பக்தியும் பழமையும் பேசும் ஒரு சுதந்திராக் கட்சி ஆதரவாளர், பகுத்தறிவு பேசிய கட்சியின் சின்னத்தில் முத்திரை குத்த வேண்டுமென்றால் இராசாசி சொன்னார் என்பது மட்டும் போதாது. தயக்கத்தைக் கரைக்கும் வேறொன்று வேண்டும். அரிசிக்கும் மொழிக்கும் வேலை அங்கேதான் இருந்தது.

அரிசி, மொழி

1965-66-ல் நாடெங்கும் மழை பொய்த்தது. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். ஒரு டாலருக்கு 4.76 ரூபாய் என்பது 7.50 ஆனது. கடையில் அரிசி விலை ஏறியது, கிடைப்பதும் அரிதானது. அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகக் கட்டுப்பாடுகள் இருந்தன. விளைவித்தவருக்கும் கோபம், வாங்குபவருக்கும் கோபம். “பக்தவத்சலம் அண்ணாச்சி, அரிசி விலை என்னாச்சு?” என்ற முழக்கம் தெருவெங்கும் ஒலித்தது. அதில் ஒரு புள்ளிவிவரமும் இல்லை, ஒரு வசையும் இல்லை. பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் காட்டியது. தேர்தல் முழக்கத்துக்கு இதற்கு மேல் வேலை கிடையாது.

அதோடு ஒரு வாக்குறுதியும் வந்தது: ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம். இந்த வாக்கியத்தின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். மூன்று படி என்று மட்டும் சொல்லியிருந்தால் நம்ப ஆளிருக்காது. ஒரு படி என்று மட்டும் சொல்லியிருந்தால் சிலிர்ப்பு இருக்காது. இரண்டையும் சேர்த்து, எது கனவு எது கடமை என்று பிரித்தும் சொன்னார்கள். வாக்காளரின் ஐயத்தை முன்கூட்டியே மதித்த வாக்குறுதி அது. ஆட்சிக்கு வந்த சில மாதங்களிலேயே சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி தொடங்கப்பட்டது. மாநிலம் முழுவதற்கும் அதை விரிக்க நிதி இடம் கொடுக்கவில்லை.

மொழிப் பிரச்சினை வேறு வகையில் வேலை செய்தது. 1965 ஜனவரி 26 முதல் இந்தி ஒன்றே ஆட்சிமொழி ஆகும் நிலை வந்தபோது மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். மதுரையில் பற்றிய தீ மாநிலம் முழுக்கப் பரவியது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். தீக்குளித்தவர்கள் இருந்தார்கள். மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. பக்தவத்சலம் அரசு இதைச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகவே நடத்தியது.

அன்று வாக்குரிமை வயது 21. 1965-ல் பத்தொன்பது வயதில் தடியடி வாங்கிய மாணவர் 1967-ல் முதல்முறை வாக்காளர். அவருக்குக் காங்கிரஸ் என்றால் சுதந்திரப் போராட்டம் நினைவுக்கு வராது. அதை அவர் கண்டதில்லை. அவருக்குத் தெரிந்த காங்கிரஸ், கல்லூரி வாசலில் நின்ற போலீஸ் வண்டி. ஒரு கட்சியோடு ஒருவருக்கு உண்டாகும் முதல் அனுபவம் நெடுங்காலம் மாறாமல் நிற்கும். அவருடைய தந்தைக்கு முதல் அனுபவம் உப்புச் சத்தியாகிரகமும் காந்தியின் வருகையுமாக இருந்திருக்கும். அதனால்தான் தந்தையின் வாக்கு காங்கிரசிலேயே தங்கியது. ஒரே வீட்டில் இரண்டு வாக்கு. அந்த 63 லட்சத்தையும் 62 லட்சத்தையும் நான் இப்படித்தான் மனத்தில் காண்கிறேன்.

இதில் மனத்தைப் பிசையும் ஒன்று உண்டு. அந்த மகனைப் பள்ளிக்கு அனுப்பியவர் காமராசர். எழுத்தறிந்து வெளியே வந்த தலைமுறைக்கு வாசிக்கக் கொடுக்கக் காங்கிரசிடம் எதுவும் இருக்கவில்லை. தி.மு.க.விடம் இருந்தது.

பதினெட்டு ஆண்டு உழைப்பு

இந்தப் பகுதியைத்தான் தேர்தல் பற்றிய பேச்சுகளில் மிக எளிதாகத் தாண்டிவிடுகிறார்கள். அரிசியும் மொழியும் 1967-ல் பல மாநிலங்களில் பல வடிவில் இருந்த கோபங்கள். பஞ்சமும் பரவலாக இருந்தது. பல மாநிலங்களில் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. ஆனால் அங்கு அமைந்த கூட்டு அமைச்சரவைகளில் பெரும்பாலானவை விரைவில் கலைந்தன. இங்கே ஒரே கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை கிடைத்து ஆட்சி நிலைத்தது. கோபம் வந்து தங்குவதற்கு இங்கே ஏற்கெனவே ஒரு வீடு கட்டப்பட்டிருந்தது.

1949 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய கட்சி, தேர்தலில் நிற்பதென்று 1956 திருச்சி மாநாட்டில்தான் முடிவு செய்தது. அதற்கு முந்தைய ஏழாண்டுகளும் பிந்தைய பத்தாண்டுகளும் ஊர் ஊராகச் செலவழிந்தன. படிப்பகங்கள் என்று பெயர். பெரும்பாலும் ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு பெஞ்சு, சுவரில் அண்ணாவின் படம், மேசையில் கட்சி இதழ்கள். காலையில் ஒருவர் உரக்க வாசிப்பார்; எழுத்தறியாத நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். முடிதிருத்தும் கடையிலும் தேநீர்க் கடையிலும் இதே காட்சி. சொத்தும் சாதியும் உறவும் பார்த்து ஊர்ப் பெரியவர்கள் வழியாக வாக்கு கேட்ட காங்கிரசுக்கு, பெரியவரைத் தாண்டி நேரே இளைஞனிடம் பேசிய இந்த ஏற்பாடு கடைசிவரை பிடிபடவில்லை. ஊர்ப் பெரியவர் இன்னும் தன் பக்கம்தான் என்று அது நம்பியது. அது உண்மையும்கூட. பெரியவரின் வாக்கு அதன் பக்கம்தான் இருந்தது.

1957-ல் 15 இடங்கள். 1959-ல் சென்னை மாநகராட்சி. 1962-ல் 50 இடங்கள், ஆனால் அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோற்றார். 1957-ல் வென்ற பதினைந்து பேரில் மறுபடி வென்றவர் கருணாநிதி ஒருவர்தான். தலைவர்கள் தோற்றும் கட்சி வளர்ந்தது என்றால் வேர் தலைவர்களிடம் மட்டும் இல்லை. 1963-ல் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது, வெளியே நின்று தயங்கியவர்களுக்குக் கதவைத் திறந்தது. பணமும் சேர்ந்தது. 1966 டிசம்பரில் தொடங்கிய விருகம்பாக்கம் மாநாட்டில் கருணாநிதி 11 லட்ச ரூபாய் தேர்தல் நிதியைக் கொடுக்க, சைதாப்பேட்டை வேட்பாளர் “திரு. 11 லட்சம்” என்று அண்ணா அறிவித்தார். சிறு சிறு தொகைகளாக ஊர்களில் திரட்டிய பணம் அது. கட்சிக்கு ஒரு ரூபாய் கொடுத்தவர் வாக்கை மாற்றிப் போடுவது அரிது.

எம்.ஜி.ஆர். சுடப்பட்டதைச் சொல்லாமல் விட முடியாது. 1967 ஜனவரி 12. கழுத்தில் கட்டோடு மருத்துவமனையில் இருந்த அவர் படம் சுவரொட்டியாக ஊர்களுக்குப் போனது. பரங்கிமலையில் பிரசாரத்துக்கே போகாமல் வென்றார். அந்த அனுதாபம் வெற்றியின் அளவைக் கூட்டியிருக்கும். ஆனால் அது விழுந்தது, ஏற்கெனவே உழுது வைத்த நிலத்தில்.

அடுத்து வந்த பத்தாண்டு

அணியின் பலத்தால் மட்டும் வந்த வெற்றி என்றால், அணி கலைந்ததும் சரிந்திருக்க வேண்டும். 1971-ல் அணி கலைந்தே போயிருந்தது. இராசாசி எதிர்ப்பக்கம் போய், தாம் முன்பு வீழ்த்தத் துணைநின்ற காமராசரோடு கைகோத்தார். அண்ணாவும் மறைந்திருந்தார். தி.மு.க. 48.58 சதவீதம் வாங்கி 184 இடங்களில் வென்றது. 1969-ல் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்திருந்தது; இந்திரா காந்தியின் ஆதரவு தி.மு.க.வுக்கு இருந்தது என்பது உண்மை. அதற்காக அவரது கட்சி சட்டமன்றத்துக்கு ஓரிடத்தில்கூட நிற்கவில்லை என்பதும் உண்மை. ஆயினும் 1967-ல் உடன்பாட்டின் பேரில் கைமாறிய வாக்குகளில் கணிசமானவை அதற்குள் சொந்த வாக்குகளாக இறுகியிருந்தன. இடையில் ஆட்சியில் இருந்த நான்காண்டுகளில் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வந்தது, இருமொழிக் கொள்கை வந்தது, சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வந்தது. வாக்களித்தவர் தன் வாக்கின் விளைவைக் கண்ணால் பார்த்தார்.

தோற்ற பக்கத்தையும் பார்க்க வேண்டும். அதே 1971-ல், பிளவில் இந்திராவுக்கு எதிர்ப்பக்கம் நின்ற காமராசரின் ஸ்தாபன காங்கிரஸ் 34.99 சதவீதம் வாங்கியது. தில்லி அதிகாரம் கையில் இல்லை, மாநில அதிகாரம் இல்லை, சின்னமும் கட்சியும் பிளந்து போயிருந்தன. அப்படியும் வாக்களித்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் அவரோடு நின்றார்கள். கிடைத்த இடங்கள் பதினைந்து. 1969-ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியதும் இந்த மக்கள்தான்.

1975 அக்டோபர் 2 அன்று அவர் காலமானார். அவர் ஆட்களில் ஒரு பகுதி இந்திரா காங்கிரசில் சேர்ந்தது, இன்னொரு பகுதி ஜனதா கட்சிக்குப் போனது. 1977 சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் 17.51 சதவீதமும் ஜனதா 16.66 சதவீதமும் வாங்கின. இரண்டையும் கூட்டினால் 34.17. ஆறாண்டுகளுக்கு முன்பு அவர் ஒருவர் பெயரில் விழுந்த வாக்குக்கு ஏறத்தாழச் சமம். இம்முறை இரண்டு பெட்டியில் கிடந்தது. இரண்டு கட்சிகளும் சேர்ந்து பெற்ற இடங்கள் 37.